சிமுலேட்டரில் ஓடும் யூனிக்ஸ் வி7-க்குள் கோப்பை எப்படி அனுப்புவது, எப்படி வெளியே எடுப்பது?

பதிவு 1 | ஏழாம்பதிப்பு | சனி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக, பழைய கணினிகளைப் போலவே நடந்துகொள்ளும் சிம்ஹெச் சிமுலேட்டரில் பிடிபி-11/45 என்ற பழைய கணினி ஒன்றை அமைத்து யூனிக்ஸ் வி7 இயங்குதளத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த அதே ஏழாம் பதிப்பு. டேப் இமேஜிலிருந்து, அதாவது டேப்பில் இருப்பதை அப்படியே வைத்திருக்கும் கோப்பிலிருந்து, ஆர்பி06 டிஸ்க்கில் நிறுவினேன். பூட் ஆகிறது, சி கம்பைலர் வேலை செய்கிறது, எட் எடிட்டரும் கொஞ்சம் கைக்கு வந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், பெரிய நிரல்களை லேப்டாப்பில்தான் எழுதுகிறேன். அவற்றை வி7-க்குள் கொண்டுபோக, அடிப்பதைக் கோப்பில் எழுதும் கேட் கட்டளையைத் தட்டிவிட்டு டெர்மினல் விண்டோவில் பேஸ்ட் செய்கிறேன். மூன்று கோளாறு வருகிறது.

இன்க்ளூட் வரிகளின் தொடக்கத்தில் இருக்கும் # குறி காணாமல் போகிறது. கமெண்டில் என் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அந்த வரியில் @ குறிக்கு முன்னால் இருப்பது முழுவதும் போய்விடுகிறது. நிரல் கொஞ்சம் நீளமாக இருந்தால் நடுவில் பத்திருபது வரி மொத்தமாக மாயம்.

டேப் வழியாக அனுப்பு என்று சிலர் சொன்னார்கள். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கோப்பு ஒன்றை உருவாக்கி அதை அப்படியே டிஎம்0 என்ற சிமுலேட்டர் டேப் டிரைவில் அட்டாச் செய்தேன். வி7 டேப்பைப் படிக்கவே மறுக்கிறது. உள்ளே எழுதியதை வெளியே எடுக்க இன்னும் முயலவே இல்லை. வழி சொல்லுங்கள்.

பதிவு 2 | காந்தநாடா | சனி, இரவு 10:05

தம்பி, முதல் இரண்டும் கோளாறு இல்லை. வி7 தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

அந்தக் காலத்து டெர்மினல் என்பது காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப். அச்சான எழுத்தை அழிக்க முடியாது. அதனால் ‘முந்தைய எழுத்தை விட்டுவிடு’ என்று சொல்ல # குறியையும், ‘இந்த வரியையே விட்டுவிடு’ என்று சொல்ல @ குறியையும் வைத்தார்கள். வி7-இல் இயல்பு நிலை இன்றும் அதுதான். இன்க்ளூட் வரியில் # முதலிலேயே வருவதால் அழிக்க முந்தைய எழுத்து எதுவும் இல்லை. குறி மட்டும் மறைகிறது. மின்னஞ்சல் முகவரியில் @ வந்ததும் அதுவரை அடித்த வரி போய்விடுகிறது. முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் அந்தக் குறி அப்படியே உள்ளே போகும். ஸ்டிடிஒய் கட்டளையால் இரண்டையும் வேறு எழுத்துகளுக்கு மாற்றியும் வைக்கலாம்.

மூன்றாவது, வேகம் சம்பந்தப்பட்டது. டெர்மினலிலிருந்து வரும் எழுத்துகளை இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் ஒரு வரிசையில் சேர்த்து வைக்கும். அதன் எல்லை 256 எழுத்து. அதைத் தாண்டிக் குவிந்தால், காத்திருக்கும் எல்லாவற்றையும் வி7 கொட்டிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஒரு மனிதர் விரலால் அடிப்பார் என்று எண்ணி வைத்த எல்லை அது. நீங்கள் ஒரே நொடியில் நாலாயிரம் எழுத்தைக் கொட்டுகிறீர்கள்.

ஐந்து வரி என்றால் பேஸ்ட் போதும். அதற்குமேல் டேப்புக்குப் போய்விடுங்கள். நாளைக் காலை விரிவாக எழுதுகிறேன்.

பதிவு 3 | நேர்வழி | சனி, இரவு 10:40

டேப்பெல்லாம் எதற்கு? டிஸ்க் இமேஜ் என்பது உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஒரு சாதாரணக் கோப்புதானே. வி7-இன் கோப்பு அமைப்பு மிக எளிமையானது. ஒரு டைரக்டரி பதிவுக்கு 16 பைட்: 2 பைட் ஐநோடு எண் (கோப்பை அடையாளம் காட்டும் எண்), 14 பைட் பெயர். லினக்ஸ் கர்னலிலேயே வி7 கோப்பு அமைப்பைப் புரிந்துகொள்ளும் டிரைவர் நெடுங்காலம் இருந்தது. வெளியிலிருந்தே இமேஜைத் திறந்து கோப்பை வைத்துவிட்டு வரலாம்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பிடிபி-11 ஒரு 32 பிட் எண்ணை வைக்கும் முறை வேறு. மேல்பாதி முதலில், கீழ்ப்பாதி அடுத்து. ஆனால் ஒவ்வொரு பாதிக்குள்ளும் சிறிய பைட் முதலில். 01 02 03 04 என்ற எண் டிஸ்க்கில் 02 01 04 03 என்று கிடக்கும். கோப்பின் அளவு, தேதி எல்லாமே இப்படித்தான். இது தெரியாமல் எழுதிய கருவி எல்லா அளவையும் தப்பாகக் காட்டும். தெரிந்து எழுதிய கருவி என்றால் பயமில்லை.

பதிவு 4 | ஏ_பிராம்ப்ட் | சனி, இரவு 11:20

நேர்வழி சொல்வதில் ஒரு பெரிய நிபந்தனை விட்டுப்போயிருக்கிறது: சிமுலேட்டர் நின்றிருக்க வேண்டும்.

நான் ஆல்டேர் இசட்80 சிமுலேட்டரில் சிபி/எம் 2.2 என்ற பழைய இயங்குதளத்தை ஓட்டுகிறேன். ஹார்டு டிஸ்க் இமேஜில் லேப்டாப்பில் ஓடும் சிபிஎம்டூல்ஸ் என்ற கருவிகளைக் கொண்டு வெளியிலிருந்து ஒரு கோப்பைப் போட்டேன். அந்த நேரத்தில் சிமுலேட்டர் கட்டளைக்குக் காத்திருக்கும் ஏ பிராம்ப்டில் சும்மா நின்றுகொண்டிருந்தது. எதுவும் ஓடவில்லையே என்றுதான் நினைத்தேன். பிறகு சிபி/எம்முக்குள் வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலியில் நான்கு பக்கம் அடித்துச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் என் பக்கங்களும் வெளியிலிருந்து போட்ட கோப்பும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன.

காரணத்தைத் தேடியபோதுதான் சிபி/எம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தது. எந்தத் துண்டு காலி, எது நிரம்பியது என்ற பட்டியலை சிபி/எம் டிஸ்க்கில் வைப்பதே இல்லை. ஒரு டிரைவை முதல்முறை தொடும்போது டைரக்டரி முழுவதையும் படித்து அந்தப் பட்டியலை நினைவகத்தில் தயாரித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து யார் என்ன எழுதினாலும் அதற்குத் தெரியாது. நான் போட்ட கோப்பு உட்கார்ந்த துண்டுகள் அதன் கணக்கில் இன்னும் காலிதான். அங்கேயே என் நான்கு பக்கத்தையும் எழுதிவிட்டது. முந்தைய நாள் நகல் இருந்ததால் மற்றவை தப்பின; அந்த நான்கு பக்கம் திரும்பவில்லை.

கண்ட்ரோல்-சி அடித்தால் டிரைவுகளைப் புதிதாகப் படிக்கும். ஃப்ளாப்பியில் டைரக்டரி மாறியதைக் கண்டுபிடித்து டிஸ்க்கை ‘படிக்க மட்டும்’ என்று பூட்டும் பாதுகாப்பும் உண்டு. கழற்ற முடியாத டிஸ்க் என்று அமைத்திருந்தால் அந்தச் சோதனை நடக்காது. எனக்கு நடந்தது அதுதான். அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட ஒரே விதி: சிமுலேட்டரை மூடாமல் இமேஜைத் தொடுவதில்லை.

யூனிக்ஸுக்கு இது இன்னும் பொருந்தும். வி7 எழுத வேண்டியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகுதான் டிஸ்க்குக்கு அனுப்பும்.

பதிவு 5 | காந்தநாடா | ஞாயிறு, காலை 8:30

ஏ_பிராம்ப்ட் சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். இமேஜைத் திறந்து உள்ளே கை வைப்பதைவிட, அந்த இயந்திரத்துக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு சாதனத்தின் வழியாகப் போவது நல்லது. பிடிபி-11-க்குக் கோப்பு என்றால் டேப், டிஸ்க், காகித நாடா, அச்சுப்பொறி, சீரியல் லைன். சிம்ஹெச் அத்தனையையும் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் உங்கள் லேப்டாப்பில் ஒரு கோப்பு இருக்கும். அந்த அளவில்தான் நாம் தலையிட வேண்டும்.

தம்பி, நீங்கள் வி7-ஐ நிறுவியதே டேப்பிலிருந்துதான். டிஎம் டிரைவர் உள்ள கர்னலைத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். டெவ் டைரக்டரியில் மேக் கொடுத்து டிஎம் சாதனங்களையும் உருவாக்கியிருப்பீர்கள். ஆக, புதிதாக அமைக்க ஒன்றுமில்லை.

உங்கள் டார் கோப்பை ஏன் படிக்கவில்லை என்பதற்கு வருகிறேன். நிஜமான டேப்பில் தரவு ஒரே ஓட்டமாக இருக்காது. ரெக்கார்டு ரெக்கார்டாக இருக்கும், நடுவில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைச் சாதாரணக் கோப்பில் காட்ட சிம்ஹெச் ஒரு வடிவம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு ரெக்கார்டுக்கு முன்னாலும் அதன் நீளம் 4 பைட்டில், சிறிய பைட் முதலில். அதே 4 பைட் நீளம் ரெக்கார்டுக்குப் பின்னாலும் ஒருமுறை. டேப் பின்னோக்கியும் ஓடும் அல்லவா, அதற்காக. ரெக்கார்டின் நீளம் ஒற்றைப்படை என்றால் ஒரு பைட் கூடுதலாக நிரப்ப வேண்டும். நீளத்தின் இடத்தில் நான்கு பூஜ்ய பைட் வந்தால் அது டேப் மார்க். அடுத்தடுத்து இரண்டு டேப் மார்க் வந்தால் டேப் முடிந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். டார் கோப்பின் தொடக்கத்தில் முதல் கோப்பின் பெயர் இருக்கும். அதை அப்படியே அட்டாச் செய்தால், அந்தப் பெயரின் முதல் நான்கு எழுத்தை ரெக்கார்டின் நீளம் என்று சிம்ஹெச் எடுத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான பைட் நீளமுள்ள ரெக்கார்டைத் தேடி அது எங்கே போகும்?

செய்ய வேண்டியது இது. லேப்டாப்பில் டார் செய்யும்போது வடிவத்தை வி7 என்று கொடுங்கள். குனு டாரில் அந்த வசதி இன்றும் இருக்கிறது. வெளிவரும் கோப்பு 10,240 பைட்டின் மடங்காக இருக்கும். பைத்தானில் பத்துப் பதினைந்து வரி எழுதினால் போதும்: 10,240 பைட்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நீளத்தைப் போட்டு, கடைசியில் எட்டு பூஜ்ய பைட். சரியாக வந்திருந்தால் கோப்பின் முதல் நான்கு பைட் பதினாறடிமானத்தில் 00 28 00 00 என்று இருக்கும்.

அப்புறம் வி7 ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல்-இ அடித்தால் சிம்ஹெச் பிராம்ப்டுக்கு வருவீர்கள். டிஎம்0-வில் அந்த டேப்பை அட்டாச் செய்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். ஓடும் இயந்திரத்தில் டேப்பை மாற்றுவதில் எந்த ஆபத்தும் இல்லை. ஆப்பரேட்டர்கள் நாள் முழுக்கச் செய்த வேலை அதுதான். வி7-இல் டார் கட்டளைக்கு ஆர் எழுத்தில் தொடங்கும் கச்சா சாதனத்தை, அதாவது ஆர்எம்டி0-வைக் கொடுங்கள். ஆர் இல்லாத சாதனம் ஒரு தடவைக்கு 512 பைட்டாகப் படிக்கும். 10,240 பைட் ரெக்கார்டு அதற்குப் பொருந்தாது. ரெக்கார்டின் அளவைச் சொல்லத் தேவையில்லை, படிக்கும்போது வி7 டார் தானே கண்டுபிடிக்கும்.

சிம்ஹெச் 4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: அட்டாச் செய்யும்போதே வடிவம் டார் என்று சொன்னால் அதுவே 10,240 பைட்டாக வெட்டிக் கொடுக்கும். ஆனாலும் ஒருமுறை கையால் செய்து பாருங்கள். வெளியே எடுக்கும்போது அந்த அறிவு வேண்டும்.

பதிவு 6 | ஏழாம்பதிப்பு | ஞாயிறு, மதியம் 1:15

அண்ணா, வந்துவிட்டது! 23 கோப்பு போட்டேன். உள்ளே பார்த்தால் 22 தான் இருக்கிறது. டார் எந்தப் பிழையும் காட்டவில்லை. பிரித்த பட்டியலில் 23 பெயரும் ஓடின.

பதிவு 7 | நேர்வழி | ஞாயிறு, மதியம் 1:32

பெயர் நீளம். நான் மேலே சொன்ன 14 பைட். அதற்கு மேலான எழுத்துகளை வி7 சத்தமில்லாமல் வெட்டிவிடும். இரண்டு கோப்பின் முதல் 14 எழுத்து ஒன்றாக இருந்தால் இரண்டாவது முதலாவதின் மேலேயே எழுதப்படும். டார் செய்வதற்கு முன்பே பெயர்களைச் சுருக்கிவிடுங்கள்.

பதிவு 8 | ஏழாம்பதிப்பு | ஞாயிறு, மதியம் 1:50

அதேதான். சோதனை என்று தொடங்கும் இரண்டு நீளப் பெயர்கள். மாற்றிவிட்டேன், இப்போது 23. நன்றி.

கம்பைல் செய்தால் வாய்டு என்ற சொல்லையும், அடைப்புக்குறிக்குள் வகை எழுதிய ஃபங்ஷன் அறிவிப்புகளையும் ஏற்க மாட்டேன் என்கிறது. அது கோப்பு மாற்றும் சிக்கல் இல்லை, மொழி மாறியிருக்கிறது என்று புரிகிறது. அந்தக் கால சி-யில் திருப்பி எழுதிக்கொள்கிறேன்.

பதிவு 9 | எண்பது_பத்தி | ஞாயிறு, மாலை 4:45

பெரிய இயந்திரங்களின் பக்கத்திலிருந்தும் ஒன்று சேர்க்கலாமா? நான் ஐபிஎம் பெருங்கணினிகளின் சிமுலேட்டரான ஹெர்குலஸில் எம்விஎஸ் 3.8ஜே என்ற இயங்குதளத்தை ஓட்டுகிறேன்.

காந்தநாடா சொன்னதுபோல, எனக்குப் பழக்கமான சாதனம் கார்டு ரீடர். 1970-களின் பிற்பகுதியில் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 இருந்தபோது நான் அங்கே மாணவன். கார்டுகளைத் துளையிட்டு, ரப்பர் பேண்டு போட்டு, கட்டின் மேல்பக்கத்தில் சாய்வாக ஒரு மைக்கோடு இழுத்துக் கொடுப்போம். கீழே கொட்டினால் அந்தக் கோட்டை வைத்து வரிசைப்படுத்தலாம். பிறகு அச்சுத்தாள் வரும்வரை காத்திருப்போம். இன்று ஹெர்குலஸில் நான் செய்வது கிட்டத்தட்ட அதே காரியம்தான். 00சி என்ற முகவரியில் 3505 கார்டு ரீடர். அதை ஒரு நெட்வொர்க் போர்ட்டாக அமைக்கலாம்; பலரும் போர்ட் எண்ணையும் 3505 என்றே வைக்கிறார்கள். லேப்டாப்பில் நெட்கேட் கட்டளையால் ஜேசிஎல் கோப்பை (என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைகள்) அந்தப் போர்ட்டுக்கு அனுப்பினால், ஒவ்வொரு வரியும் ஒரு கார்டாக உள்ளே போகிறது. அச்சுப்பொறியில் வருவது லேப்டாப்பில் உரைக்கோப்பாக விழுகிறது. கார்டு பஞ்ச் வழியாகவும் வெளியே எடுக்கலாம்.

மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்றிலும் நான் மாட்டியிருக்கிறேன்.

கார்டுக்கு 80 பத்தி. ரீடரை அமைக்கும்போது ட்ரங்க் என்ற தேர்வைக் கொடுத்திருந்தால், நீண்ட வரியின் வால் வெட்டப்படும், ஒரு எச்சரிக்கையும் வராது. இன்றைய நிரல்களில் நூறு எழுத்து வரி சாதாரணம்.

இரண்டாவது, உங்களில் சி எழுதுகிறவர்களுக்கு. கார்டுகளுக்கு நடுவே தரவு கொடுக்கும்போது, முதல் இரண்டு பத்தியில் சாய்கோடும் நட்சத்திரமும் வந்தால் ‘தரவு முடிந்தது’ என்று ஜேசிஎல் எடுத்துக்கொள்ளும். சி மொழியில் கமெண்ட் தொடங்குவதும் அதே இரண்டு குறிதான்! என் நிரல் முதல் கமெண்டிலேயே நின்றுபோனது. டிஎல்எம் என்று கொடுத்து முடிவுக் குறியை வேறு இரண்டு எழுத்தாக மாற்றிய பிறகுதான் முழுவதும் போனது.

மூன்றாவது எப்சிடிக், ஐபிஎம் பெருங்கணினிகளின் எழுத்துக் குறிமுறை. லேப்டாப்பின் குறிமுறையான ஆஸ்கியில் ஏ என்ற எழுத்தின் மதிப்பு பதினாறடிமானத்தில் 41, எப்சிடிக்கில் சி1. எழுத்துகள் தொடர்ச்சியாகவும் இருக்காது: ஐ-க்கும் ஜே-க்கும் நடுவில் இடைவெளி, ஆர்-க்கும் எஸ்-க்கும் நடுவில் இடைவெளி. ரீடரை ஆஸ்கி என்று அமைத்தால் ஹெர்குலஸ் மொழிமாற்றிக் கொடுக்கும். உரைக்கு அது சரி. அதே அமைப்பில் ஆப்ஜெக்ட் கோப்பு அனுப்பினால் ஒவ்வொரு பைட்டும் மாறிப்போகும். பைனரி என்றால் எப்சிடிக் என்று அமைத்து, மாற்றமில்லாமல் அனுப்ப வேண்டும். சதுர அடைப்புக்குறிகள் இன்றும் எனக்குத் தொல்லைதான். ஒரு மாற்று அட்டவணையில் ஒரு மதிப்பு, இன்னொன்றில் வேறு மதிப்பு.

பதிவு 10 | நேர்வழி | ஞாயிறு, இரவு 7:10

எண்பது_பத்தி ஐயா, அந்தக் கமெண்ட் விஷயம் எனக்குப் புதிது. குறித்துக்கொண்டேன்.

நான் என் கட்சியை முழுதாக விடவில்லை. ஓடும் இயந்திரத்தின் இமேஜைத் தொடக்கூடாது என்பதை ஏற்கிறேன். அதை முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வேலை வேறு மாதிரி. ஒருவர் எட்டங்குல ஃப்ளாப்பி இமேஜ்கள் முந்நூறு அனுப்புகிறார், எதில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார். ஒவ்வொன்றும் 77 டிராக், 26 செக்டர், 128 பைட். மொத்தம் 2,56,256 பைட். ஒவ்வொன்றையும் சிமுலேட்டரில் மாட்டி, சிபி/எம்மின் நகல் கட்டளையான பிப் கொண்டு நகலெடுத்தால் எனக்கு ஒரு மாதம் ஆகும். சிபிஎம்டூல்ஸில் டிஸ்க் வகையைச் சொல்லிவிட்டு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓட்டினால் மாலைக்குள் முடிகிறது. படிக்க மட்டும்தான், எழுதுவதில்லை. மூலப் பிரதிக்கு எழுதும் அனுமதியையே எடுத்துவிடுவேன்.

பதிவு 11 | ஏ_பிராம்ப்ட் | ஞாயிறு, இரவு 8:00

அதில் எனக்கு மறுப்பே இல்லை. வெளியே எடுக்க வெளிக்கருவி நல்லது. உள்ளே எழுதத்தான் எனக்கு மனம் வருவதில்லை. என் சிமுலேட்டரில் ஆர், டபிள்யூ என்று இரண்டு சின்ன நிரல்கள் இருக்கின்றன. சிபி/எம்முக்குள் இருந்தபடியே லேப்டாப்பின் கோப்பை ஆர் உள்ளே இழுக்கும், டபிள்யூ வெளியே தள்ளும். டிஸ்க்கில் எழுதுவது சிபி/எம்தான் என்பதால் அதன் கணக்கு கெடாது.

வெளியே வந்த பிறகும் வேலை முடிவதில்லை. 1986-இல் நான் எழுதிய ஆய்வறிக்கை வேர்ட்ஸ்டாரில் இருந்தது. வெளியே எடுத்துத் திறந்தால், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் விசித்திரக் குறியாக நிற்கிறது. டிஸ்க்கே பழுதாகிவிட்டது என்று பயந்துபோனேன். பழுது இல்லை. வரிகளைப் பக்க அகலத்துக்குச் சீராக்கும்போது வேர்ட்ஸ்டார் சொல்லின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றி வைக்கும். பக்கவோட்டத்தில் தானாக மடித்த வரிகளின் முடிவும் 0டி-க்குப் பதில் 8டி என்று இருக்கும். எட்டாவது பிட்டை இறக்கிவிட்டால் எழுத்து திரும்பக் கிடைக்கும். சிபி/எம்மின் பிப் கட்டளையில் இசட் என்ற தேர்வு அதற்குத்தான் இருக்கிறது.

இன்னொன்று. சிபி/எம் 2.2-க்குக் கோப்பின் நீளம் பைட் கணக்கில் தெரியாது. 128 பைட் ரெக்கார்டு கணக்கில்தான் தெரியும். உரை எங்கே முடிகிறது என்பதை 1ஏ என்ற பைட் சொல்லும். அதற்குப் பின்னால் இருப்பது குப்பை. என் அறிக்கையின் ஓர் அத்தியாயத்தின் முடிவில் வேறு ஏதோ கடிதத்தின் இரண்டு வரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த 1ஏ-யைக் கவனிக்காமல் எடுத்ததன் விளைவு.

பதிவு 12 | ஆந்தை_மாடல்பி | ஞாயிறு, இரவு 9:25

பள்ளியில் பிபிசி மைக்ரோ கணினியைப் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு அவை வந்தன. நான் பேசிக் கற்றது அதில்தான். இப்போது எமுலேட்டரில் ஓட்டுகிறேன்.

எஸ்எஸ்டி என்ற டிஸ்க் இமேஜிலிருந்து பேசிக் நிரலை எடுத்து லேப்டாப்பில் திறந்தால் பாதி எழுத்தும் பாதிக் குப்பையுமாக இருக்கிறது. பிரிண்ட், கோட்டூ போன்ற சொற்களே காணவில்லை.

பதிவு 13 | நேர்வழி | ஞாயிறு, இரவு 9:48

பிபிசி பேசிக் அந்தச் சொற்களை ஒற்றை பைட் குறியாக மாற்றித்தான் சேமிக்கும். நீங்கள் பார்ப்பது அந்தக் குறிகள். இயந்திரத்தையே திருப்பி எழுதவையுங்கள்: நட்சத்திரம் போட்டு ஸ்பூல் என்று ஒரு பெயருடன் கொடுங்கள், லிஸ்ட் அடியுங்கள், மறுபடி நட்சத்திரம் ஸ்பூல் என்று மட்டும் அடித்து மூடுங்கள். திரையில் ஓடியதெல்லாம் உரையாக ஒரு கோப்பில் கிடைக்கும். அதன் தொடக்கத்தில் நீங்கள் அடித்த லிஸ்ட் வரியும் இருக்கும், வெட்டிவிடுங்கள். வரி முடிவும் தலைகீழ்: 0ஏ முதலில், 0டி பிறகு. திருப்பி உள்ளே அனுப்ப எக்ஸெக். கோப்பில் இருப்பதை விசைப்பலகையில் அடித்ததுபோல எடுத்துக்கொள்ளும், பேசிக் மறுபடி குறிகளாக மாற்றிக்கொள்ளும். கோப்புப் பெயர் 7 எழுத்துக்குள், ஒரு பக்கத்துக்கு 31 கோப்புதான்.

பதிவு 14 | ஏழாம்பதிப்பு | திங்கள், இரவு 8:20

ஒரு கேள்வி. சீரியல் லைன் வழியாக எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையைப் பயன்படுத்தலாமா? சிம்ஹெச் டெர்மினல் லைன்களை டெல்நெட் போர்ட்டாகத் தருகிறதே.

பதிவு 15 | ஏ_பிராம்ப்ட் | திங்கள், இரவு 8:55

நான் முயன்றேன், பாதிக் கோப்பு ஒழுங்காகப் போகும், மீதி தடுமாறும். எக்ஸ்மோடம் 1977-இல் வார்ட் கிறிஸ்டென்சன் சிபி/எம் இயந்திரங்களுக்காக எழுதியது. 128 பைட் துண்டு, ஒரு பைட் செக்சம் (பிழை கண்டுபிடிக்கும் கூட்டு எண்), அவ்வளவுதான். லைனில் எந்த பைட்டும் மாறாமல் போகும் என்று அது நம்புகிறது. டெல்நெட் அப்படி இல்லை. 255 என்ற பைட்டை அது தனக்கான கட்டளையின் தொடக்கம் என்று கருதும், தரவாக அனுப்ப அதை இரட்டிக்க வேண்டும். இரு முனையும் இதில் ஒத்துப்போகாவிட்டால் துண்டின் நீளமே தப்பாகிவிடும்.

கெர்மிட் என்ற இன்னொரு முறை பிறந்ததே இப்படிப்பட்ட லைன்களுக்காகத்தான். 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டெக்-20 பெரிய இயந்திரத்திலிருந்து மாணவர்கள் தங்கள் கோப்புகளைச் சின்ன சிபி/எம் இயந்திரத்தின் ஃப்ளாப்பிக்கு எடுத்துப்போக வழி வேண்டியிருந்தது. நடுவில் இருக்கும் லைன் எந்த பைட்டை விழுங்கும் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் அச்சிடக்கூடிய எழுத்தாக மாற்றி, சின்னச் சின்னப் பொட்டலமாக அனுப்புகிறது. மெதுவாகத்தான் போகும், ஆனால் முழுசாகப் போகும். சிபி/எம்மில் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். வி7-இல் உங்களுக்கு டேப் இருக்கும்போது தேவையே இல்லை.

பதிவு 16 | ஏழாம்பதிப்பு | செவ்வாய், இரவு 10:30

வெளியே எடுக்கும் பாதியும் இன்று முடிந்தது. எதிர்காலத்தில் தேடி வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

கண்ட்ரோல்-இ அடித்து, லேப்டாப்பில் இல்லாத ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்து டிஎம்0-வில் அட்டாச் செய்தேன். சிம்ஹெச் புதிய காலி டேப் ஒன்றை உருவாக்கியது. வி7-இல் டார் கொண்டு ஆர்எம்டி0-வில் எழுதினேன். உடனே லேப்டாப்பில் அந்தக் கோப்பைப் பார்த்தால் பாதிதான் இருந்தது. சிம்ஹெச்சில் டிடாச் கொடுத்த பிறகுதான் மீதியும் கோப்பில் இறங்கியது. வி7 டார் எழுதும்போது இயல்பாக 512 பைட் ரெக்கார்டு போடுகிறது. அதனால் பிரிக்கும் ஸ்கிரிப்ட் 10,240 என்று எதையும் நம்பாமல், ஒவ்வொரு ரெக்கார்டின் முன்னால் இருக்கும் நீளத்தைப் படித்துத்தான் போக வேண்டும். என் முதல் ஸ்கிரிப்ட் அங்கேதான் தோற்றது. திருத்திய பிறகு குனு டார் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் பிரித்தது.

சரிபார்க்க வி7-இல் சம் கட்டளை இருக்கிறது. லினக்ஸிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் ஓட்டினால் முதல் எண் ஒத்துப்போகிறது, இரண்டாவது எண் வேறாக வருகிறது. இது சரிதானா அண்ணா?

பதிவு 17 | காந்தநாடா | செவ்வாய், இரவு 10:52

சரிதான் தம்பி. முதல் எண் செக்சம். ஒவ்வொரு பைட்டுக்கும் பிட்டுகளைச் சுழற்றிக் கூட்டும் அந்த முறையைத்தான் லினக்ஸின் சம் இன்றும் இயல்பாகப் பயன்படுத்துகிறது. இரண்டாவது எண் துண்டுகளின் எண்ணிக்கை: வி7 512 பைட்டாக எண்ணுகிறது, லினக்ஸ் 1,024 பைட்டாக எண்ணுகிறது. 23 கோப்புக்கும் முதல் எண் ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பதிவு 18 | ஏழாம்பதிப்பு | செவ்வாய், இரவு 11:06

23-உம் ஒத்திருக்கின்றன.